உனக்கு வராத சம்பளம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஸலாம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எவ்வளவு கோபம் இருந்தாலும் வாசலில் நின்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டாவது போகிற பிள்ளை நீ. அதனால் இந்த முறை நானே முந்திக்கொள்கிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும். நீ பாதியில் விட்டுப்போன நெய்ச்சோற்றை உன் அத்தாதான் சாப்பிட்டு முடித்தார். தாளிச்சாவில் புளி தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டார். எழுந்து போனது நீ, வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

ஹூஸ்டனை ஒட்டிய இந்தக் கேட்டியில் நம் தமிழ்ச் சங்க மலருக்கு என்னிடம் ஏதாவது எழுதித் தரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதையே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. அன்று நான் உன்னிடம் கேட்ட கேள்வியை இங்கே நம் மக்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளை விளையாட்டில் ஸ்காலர்ஷிப் வாங்காத வீட்டில் இன்னும் சத்தமாகக் கேட்கிறார்கள். பதிலையும் அவர்கள் படிக்கட்டும் என்றுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ உன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில், பந்தை உதைத்துப் புள்ளி எடுத்துத் தருகிற கிக்கர். மசூதி பார்க்கிங்கில் சாக்கர் பந்தை உதைத்துக் கார் கண்ணாடியைப் பதம் பார்த்த அதே கால்தான் உனக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தந்தது. இப்போது விதிகள் மாறிவிட்டன. கல்லூரியே விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கலாம். உன் கல்லூரியும் கொடுக்கிறது, நாலைந்து நட்சத்திரங்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஸ்காலர்ஷிப்பே போதும் என்கிறது. ஃபுட்பாலோ நீச்சலோ ஓட்டமோ, ஆணோ பெண்ணோ, எல்லா விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் ஓர் அடிப்படைச் சம்பளம் வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நிர்வாகக் குழு அதைப் பற்றி வருகிற வியாழக்கிழமை திறந்த கூட்டம் வைத்திருக்கிறது. பிள்ளைகள் சார்பில் பேச உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதைச் சொல்லத்தான் அன்று அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாய். "அம்மா, நீயும் வரணும்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "உன் விசாவுக்குத்தான் அதுல ஒத்தக் காசு வராதே, நீ எதுக்குடா நடுவுல? படிப்பு ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, ரூம் குடுத்துருக்காங்க, இன்ஷூரன்ஸ் இருக்கு. இதுக்கு மேல என்ன குறை? தானமா வந்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்குறதா?" என்றேன். நீ கையை எடுத்துவிட்டாய். "அம்மா, நீ அத்தா மாதிரியே பேசுற. எக்ஸாக்ட்லி அத்தா மாதிரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். அப்புறம் வண்டிச் சத்தம்தான் கேட்டது.

அத்தா மாதிரி பேசினால் என்ன, நல்லதைத்தானே பேசியிருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பொருமிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நீ எந்த அத்தாவைச் சொன்னாய் என்று அப்போதுதான் புரிந்தது. நீ சின்னவனாக இருந்தபோது ஒரு நாள், காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

உனக்கு இரண்டு வயதில் இங்கே வந்தோம். திண்டுக்கல்லில் நான் பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். இங்கே உன் அத்தாவுக்கு ஆயில் கம்பெனியில் வேலை, எனக்கு அவரைச் சார்ந்து வந்தவள் என்கிற விசா. வேலை செய்யக் கூடாது. சும்மா இருக்க எனக்குக் கை வராது என்பது உனக்கே தெரியும். உன் பள்ளிக்கூடத்தில் வாலண்டியராகச் சேர்ந்தேன். முதலில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தேன். பிறகு சயின்ஸ் ரூமுக்குப் போனேன். கொஞ்ச நாளில் அந்த அறையே என் கையில்தான் இருந்தது. குழாய்களைக் கழுவி அடுக்குவது, சோதனைக்கு வேண்டியதைக் கலந்து வைப்பது, டீச்சர் லீவு போட்டால் அரை வகுப்பை மேய்ப்பது எல்லாம் நான்தான். வருடத்துக்கு ஒருமுறை நன்றி நாள் கொண்டாடி, ஒரு சான்றிதழும் ஒரு காபி மக்கும் கொடுப்பார்கள். நம் வீட்டு அலமாரியில் இத்தனை மக் ஏன் என்று விருந்தாளிகள் கேட்பார்களே, அதெல்லாம் என் சர்வீஸ்.

ஒரு நாள் பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு, லேப் அசிஸ்டெண்ட் வேலை காலியாகிறது, என்னை எடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு ஒரு பெண் வந்தாள். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான். அன்று உன் அத்தா நம்மைக் கூட்டிப்போக வந்தபோது, காரில் உட்கார்ந்து அழுதேன். அவருக்குப் பதறிவிட்டது. "நான் சம்பாதிக்கிறேன்ல? வீடு இருக்கு, சாப்பாட்டுக்குக் குறையில்ல, இன்ஷூரன்ஸ் இருக்கு. இதுக்கு மேல உனக்கு என்ன குறை?" என்றார். அவர் கெட்டவர் அல்ல, தம்பி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார்.

அதே வருடம் ஊரில் உன் மாமாவுக்குக் கல்யாணம். என் கூடப் பிறந்த தம்பிக்கு என்ன செய்வது என்று நான் உன் அத்தாவிடம் கேட்க வேண்டியிருந்தது. நான் மனசில் நினைத்ததைவிட அதிகமாகவே அவர் அனுப்பினார். கல்யாண வீட்டில் எல்லோரும் "மச்சான் தாராளமா செஞ்சாரு" என்றார்கள். அக்கா செய்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாதே, அக்கா எங்கே செய்தாள்? எனக்கு என்ன குறை என்றால் அதுதான் குறை.

உன் அத்தாவின் கிரீன் கார்டு காகிதம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் எனக்கு வேலை செய்ய அனுமதி வந்தது. பல் டாக்டர் கிளினிக்கில் பில்லிங் வேலை. கெமிஸ்ட்ரிக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. ஆனாலும் முதல் சம்பளம் வந்த அன்று நான் செய்த முதல் காரியம், சுங்கச் சாலைக் கட்டணத்துக்காகக் காரில் ஒட்டியிருக்கும் டோல் டேக்கை என் கார்டுக்கு மாற்றிக்கொண்டதுதான். அதுவரை நான் எந்தச் சுங்கச் சாலையில் எப்போது போனாலும் கட்டணம் போனதென்று உன் அத்தாவின் போன் டிங் என்று அடிக்கும். அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. இருந்தாலும் அந்த டிங் நின்ற பிறகுதான் எனக்கு ஹூஸ்டன் இத்தனை பெரிய ஊர் என்று தெரிந்தது. கிளினிக்கில் இதுவரை யாரும் எனக்கு மக் கொடுத்ததில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை.

இவ்வளவையும் அனுபவித்துவிட்டு, அதே கேள்வியை உன்னிடம் கேட்டேன் பார். மருமகளாக வாங்கியதை மாமியாரான பிறகு திருப்பிக் கொடுப்பார்களே, அந்தக் கதைதான்.

பஷீர் அங்கிள் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். மலரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அவர் பிரியாணிக் கடையில் சாப்பிட்டவர்கள்தான், தப்பாக நினைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நிற்கும்போது, "தங்கச்சி, நம்ம புள்ள போட்டோ ஒண்ணு அனுப்பும்மா, கடையில மாட்டணும்" என்றார். கல்லாவுக்குப் பின்னால் ஃப்ரேம் போட்டு மாட்டுவார் என்று நினைத்து, நீ பெருநாள் அன்று குர்த்தாவோடு பந்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தை அனுப்பினேன். அவர் என்னடாவென்றால் ஃப்ரீவேயிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி பேனர் கட்டிவிட்டார். 'நம்ம கேட்டி கிக்கரின் ஃபேவரிட் பிரியாணி.' நான் இரண்டு முறை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தேன். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த வாரம் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கடைக்காரர் உனக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டார்கள். பிரியாணி என்று உண்மையைச் சொன்னாய். எத்தனை முறை என்றார்கள். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்றாய். பஷீர் அங்கிள் நம்மிடம் எப்போது காசு வாங்கினார்? உன் அத்தா கார்டை நீட்ட, அவர் கையைத் தள்ளிவிட, "உங்ககிட்ட வாங்குனா எனக்குச் செரிக்குமா மச்சான்" என்று ஒவ்வொரு தடவையும் கல்லாவில் மல்யுத்தம்தான் நடக்கும். நமக்கு அது பாசம். அந்த அலுவலகத்தில் அது கூலி. உன் முகத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சாப்பாடு வாங்கியிருக்கிறாய் என்றார்கள். மாணவர் விசாவில் இருப்பவன் அப்படிச் சம்பாதிக்கக் கூடாது, விசாவுக்கே ஆபத்தாகலாம் என்று நாம் போய்ப் பார்த்த வக்கீல் சொன்னார். அவர்கள் விசாரித்து முடிக்கும்வரை உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அந்த வாரம் உன் அணித்தலைவனுக்கு ஊர் முழுக்கப் பேனர், வீட்டு வாசலில் விளம்பரத்துக்குக் கூலியாக ஒரு புது டிரக்; அவன் இந்த நாட்டுப் பிள்ளை, சம்பாதிக்கலாம்.

நல்லவேளையாக எச்சரிக்கையோடு விட்டார்கள். பஷீர் அங்கிள் அவரே ஏணி போட்டு ஏறிப் பேனரை அவிழ்த்தார். "ஒரு தட்டு சோறு போட்டது குத்தமாம்மா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அன்று நான்தான் பில்லுக்குப் பணம் கொடுத்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கார்டைத் தேய்த்தார், பாவம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு உன் விசா கவலைதான். இப்போது நிதானமாக யோசித்தால் வேறொன்று உறுத்துகிறது. ஒரு தட்டு பிரியாணியைக் கூலி என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, விடியற்காலையில் எழுந்து எடை தூக்கி, மதியமெல்லாம் வெயிலில் ஓடி, சனிக்கிழமை ஒரு ஸ்டேடியத்தையே நிரப்பிக் கொடுக்கிறீர்களே, அது உழைப்பு என்று மட்டும் ஏன் தெரியவில்லை? அந்த ஸ்டேடியத்துக் கடையில் உன் நம்பர் போட்ட சட்டையை நான் வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்கினேன். ஊருக்குக் கொடுத்துவிட உன் அத்தா இன்னும் நாலு வாங்கினார். நான் பெற்ற பிள்ளையின் நம்பரை எனக்கே விற்றார்கள், நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். தானமாக வந்த மாடு என்று உன்னிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் மாட்டை யாரும் உங்களுக்குத் தானம் கொடுக்கவில்லை. ஏர் இழுப்பதே நீங்கள்தான்.

படிப்பு ஃப்ரீதானே என்பதற்கு உன் ரூம்மேட் டெரிக்கை நினைத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக்குப் பெருநாளுக்கு வந்தவன், மூன்றாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே ஆள், அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும். நீ உதைக்கும்போது எதிராளி உன்மேல் விழாமல் நெஞ்சைக் கொடுத்துத் தடுத்துக்கொண்டிருந்தவன். உன் கால் டிவியில் தெரிகிறது, அவன் முட்டி தெரிவதில்லை. நான் கெமிஸ்ட்ரி டீச்சர் என்றதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தாயா? பார்மசி படிக்கத்தான் வந்தானாம். "லேப் மதியம் ஆன்ட்டி, ப்ராக்டிஸும் மதியம்" என்றான். கோச் சொன்னபடி வேறு பாடத்துக்கு மாறிவிட்டான். அப்புறம் அந்த முட்டியும் போய், ஆபரேஷனும் ஆகி, அவன் இடத்துக்கு வேறு பையன் வந்துவிட்டான். அவன் நட்சத்திரம் இல்லை, ஆகவே சம்பளம் இல்லை. சம்பளத்துக்குப் பதில் படிப்பு என்கிறார்கள். அவன் கேட்ட படிப்பையாவது கொடுத்தார்களா?

எனக்குச் சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. சம்பளம் கொடுக்கிறவன் வேலையை விட்டும் எடுப்பான். எங்கள் கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண் காலையில் வந்தாள், மதியம் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்று நீ மூன்று உதையைத் தவறவிட்டால் கோச் முதுகில் தட்டிக்கொடுக்கிறார். நாளைக்குச் சம்பளம் வாங்குகிறவன் தவறவிட்டால் தட்டுவாரா? ஃபுட்பாலுக்கே பணமெல்லாம் போய், நீச்சல் அணியையே மூடிவிட்டால் அந்தப் பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? பத்தொன்பது வயதில் கையில் காசு புரண்டால் தலை கால் புரியுமா? இதற்கெல்லாம் உன்னிடம் பதில் இருந்தால் சொல். இல்லையென்றால் இல்லை என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடு. எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவனை நானே நம்ப மாட்டேன்.

நான் அன்று அப்படிப் பேசியதற்கு உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை, தம்பி. பயம். கிரீன் கார்டு வரிசையில் நீ இரண்டு வயதிலிருந்து எங்களோடு நின்றாய். இருபத்தொன்று ஆனதும் உன்னை மட்டும் வரிசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பெண்டாட்டிக்கு வேலை செய்ய அனுமதி உண்டு, பிள்ளைக்கு இல்லை. டெக்சாஸ் தவிர வேறு ஊர் அறியாத பிள்ளை, வெளிநாட்டு மாணவன் என்கிற பெயரில் இங்கே இருக்கிறாய். ஒரு பேனருக்கே அந்தப் பாடு பட்டோம். மைக்கைப் பிடித்துப் பேசினால் யார் கண்ணிலாவது பட்டுவிடுவாயோ, உன்னை ஏதாவது செய்துவிடுவார்களோ என்கிற பயம். அதை நேராகச் சொல்லத் தெரியாமல், என்ன குறை என்று கேட்டுவிட்டேன். கூட்டத்தில் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நீ முன்கூட்டியே கேட்டுவிட்டாய் என்று டெரிக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆமாம், அவனுக்கு நானே போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லையே.

ஏன் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் அவனிடம்தான் கேட்டேன். "ஆன்ட்டி, எங்கள்ல யார் பேசினாலும் எனக்குக் குடுன்னு கேக்குற மாதிரி இருக்கும். அவனுக்கு மட்டும்தான் நாளைக்கே ரூல் மாறினாலும் ஒண்ணும் கிடைக்காது. அவன் சொன்னா நம்புவாங்க" என்றான். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். என் பிள்ளையின் குடுமி சும்மாதான் ஆடுகிறது என்று அவ்வளவு பெரிய பையன்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். இந்த முறை உன் அத்தா என்ன குறை என்று கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு கார்ல நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றார். நான் அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. நீ எழுந்து போகும்போது சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

போய்ப் பேசு. நிதானமாகப் பேசு, கோபத்தில் இங்கிலீஷ் வேகமாகிவிடும் உனக்கு. டெரிக்கின் முட்டியைப் பற்றி அவன் சம்மதம் கேட்டுக்கொண்டு பேசு. பிரியாணியைப் பற்றியும் பேசு, பஷீர் அங்கிள் பெயர் வேண்டாம். அவரிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன், அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு அனுப்புகிறேன் என்று குதிக்கிறார். வேண்டாம் அண்ணே, அதுக்கும் ஒரு விசாரணை வரும் என்று அடக்கி வைத்திருக்கிறேன்.

என்னையும் வரச் சொன்னாய் அல்லவா? நான் வருகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், உன் நம்பர் போட்ட அந்தச் சட்டையோடு. கிளினிக்கில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

சம்பளத்தோடு லீவு, தம்பி. அன்றைய சம்பளம் எனக்கு வந்துவிடும்.

அம்மா